விரலுக்கு ஒரு வேலை, விளக்குக்கு ஒரு வேலை

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில், பல வருடங்கள் தையல் மெஷின் இருந்த இடத்தில், இப்போது ஒரு விமானத்தின் முன்பகுதி நிற்கிறது. பிளைவுட் பலகை, பழைய கார் சீட், ஒரு கம்ப்யூட்டர், மூன்று திரைகள், நிறைய ஒயர். சென்ற நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்மணிகளில் ஒருவர், "மாமி, இந்த வருஷம் கொலுவில் ஏரோப்ளேனா?" என்று கேட்டே விட்டார்.

கொலு அல்ல. பிளஸ் டூ படிக்கும் எங்கள் பேத்தி ஆசைப்பட்டு, நானும் அவளும் சேர்ந்து கட்டிவரும் ஃப்ளைட் சிமுலேட்டர். வந்து பார்த்த அன்பர்கள் சிலர், தங்கள் பிள்ளைகளும் இதே போலத் தொடங்கியிருப்பதாகவும், ஒளிரும் பட்டன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை என்றும் கூறினர். அதில் தவறு செய்து பணத்தையும் இழந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-ப்ளேன் போன்ற மென்பொருள்களைக் கீபோர்டும் மவுசும் கொண்டே இயக்கலாம். ஆனால் விமானி கை நீட்டி ஒரு பட்டனை அழுத்த, அதில் விளக்கு எரியும் அனுபவம் மவுசில் கிடைக்காது. நாங்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது ஏர்பஸ் ஏ-320. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-லேயே கொண்டுவந்த விமானம். 2006-ல் தொடங்கிய இண்டிகோவும் இதைக் கொண்டுதான் ஆரம்பித்தது. பம்பாயிலிருந்து சென்னைக்குப் பறந்த நம்மவர்களில் பலர் இதில் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கே தவறினோம்?

கடையில் பளபளவென்று கிடைத்த வட்டப் பட்டன்கள் இருபது வாங்கினேன். அழுத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். மறுபடி அழுத்தினால் வெளியே வரும், அணையும். "சார், இதுதான் எல்லோரும் வாங்குவது" என்றார் கடைக்காரர். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து சால்டர் செய்து முடித்தோம்.

ஒரு நாள் இரவு பேத்தி சென்னைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஒலியை அடியோடு குறைத்திருந்தோம். ஆட்டோபைலட் பட்டன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சில நிமிடங்களில் திரையில் விமானம் கடலில் விழுந்தது. அவள் திகைத்துப்போய், "தாத்தா, லைட் எரிந்துகொண்டேதானே இருந்தது!" என்றாள்.

எரிந்தது உண்மை. ஆனால் அவள் முழங்கை பட்டுச் சுக்கான் பிடி அசைந்ததில், மென்பொருளுக்குள் ஆட்டோபைலட் எப்போதோ விலகிவிட்டது. பட்டன் மட்டும் பூட்டிய நிலையிலேயே இருந்தது. அந்த விளக்கு சொன்னதெல்லாம், "என்னை யாரோ அழுத்தினார்கள்" என்பதைத்தான். "ஆட்டோபைலட் வேலை செய்கிறது" என்று அது சொல்லவில்லை. நாங்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டோம்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. காரணம், ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஸ்டேஷன் பேனலில் பட்டனை அழுத்தியதும் பாயிண்ட் விளக்கு எரிந்துவிடாது. தண்டவாளத்தின் நாக்கு உண்மையாகவே நகர்ந்து, பொருந்தி, பூட்டிக்கொண்ட பிறகு அங்கிருந்து திரும்பி வரும் மின்சாரம்தான் அந்த விளக்கை எரிய விடும். பட்டன் கட்டளையிடுகிறது. விளக்கு பதில் சொல்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி.

இந்த வித்தியாசம் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் சாட்சி. 1979 மார்ச் 28-ந் தேதி அங்கே அழுத்தத்தைத் தணிக்கும் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பேனலில் அதன் விளக்கோ அணைந்திருந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்பதற்குத்தான் அந்த விளக்கு அடையாளம். வால்வின் உண்மை நிலையை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இது யாருக்கும் பிடிபடவில்லை.

எந்த வகை பட்டன்?

ஆகவே முதல் விதி இது. அழுத்தி விட்டதும் தானே மீண்டு வரும் பட்டன்தான் வேண்டும். கடையில் இதை 'மொமெண்டரி' என்பார்கள். பூட்டிக்கொள்ளும் வகைக்கு 'லாச்சிங்' என்று பெயர். உண்மையான ஏ-320-ல் இரு வகையும் உண்டு. ஆனால் வீட்டுச் சிமுலேட்டரில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மென்பொருள் எல்லாவற்றையும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும். நேற்று பூட்டிய பட்டனுக்கு அது தெரியாது. மீண்டு வரும் பட்டனுக்கு இந்தச் சண்டையே இல்லை.

இரண்டாவது விதி. விளக்கின் முனைகள் சுவிட்சின் முனைகளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். பட்டனைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். நல்ல பட்டனில் ஐந்து கால்கள் இருக்கும். பொது முனை ஒன்று, அழுத்தினால் சேருவது ஒன்று, அழுத்தினால் பிரிவது ஒன்று, விளக்குக்கு இரண்டு. நான்கு கால் உள்ளதும் போதும். இரண்டு, மூன்று கால் மட்டும் என்றால் வேண்டாம். நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டில் உள்ள சிவப்பு விளக்கு சுவிட்ச் அந்த ஜாதிதான். அதில் விளக்கைத் தனியே ஆள முடியாது. மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சோதித்துவிடுவது உத்தமம்.

இப்படி இணைத்த பிறகு நடப்பது என்ன? விரல் அழுத்திய செய்தி ஆர்டுயினோ போன்ற சிறு பலகை வழியே கம்ப்யூட்டருக்குப் போகிறது. மென்பொருள் ஆட்டோபைலட்டை இயக்குகிறது. அது இயங்கிவிட்டது என்ற செய்தி திரும்பி வந்த பிறகே விளக்கு எரிகிறது. இந்தப் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்ள மொபிஃப்ளைட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர்டுயினோ மெகா பலகையில் 54 முனைகள் உள்ளன. பட்டனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்றால் இருபது பட்டனுக்கு நாற்பது முனை. தாராளமாகப் போதும்.

வோல்ட்டில் கவனம்

பெற்றோர் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டுகிறேன். தொழிற்சாலை பேனல்களுக்கான பட்டன்கள் உறுதியானவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் அவற்றில் பலவற்றின் விளக்கு 230 வோல்ட்டில் எரிவது. குழந்தைகள் கை வைக்கும் பலகையின் பின்னால், திறந்த ஒயர்களுக்கு நடுவே, வீட்டு மின்சாரம் ஓடவே கூடாது. மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

12, 24 வோல்ட் வகைகளில் ஆபத்து இல்லை. ஆனால் உள்ளேயே ரெசிஸ்டர் வைத்திருப்பதால் நம் 5 வோல்ட்டில் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. நமக்கு வேண்டியது 5 வோல்ட் என்று குறித்தது, அல்லது ரெசிஸ்டர் இல்லாத வெறும் எல்.இ.டி. உள்ளது. எது என்று தெரியாவிட்டால் ஒரு 9 வோல்ட் பாட்டரியும் 1000 ஓம் ரெசிஸ்டரும் எடுத்துப் போங்கள். இரண்டையும் தொடராக வைத்து விளக்கின் முனைகளில் தொட்டுப் பாருங்கள். நன்றாக எரிந்தால் நமக்கு ஆகும்.

வெறும் எல்.இ.டி.யை ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் கருகிவிடும். கணக்கு எளிது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஐந்தில் மீதி 3. பத்து மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் 300 ஓம். கடையில் கிடைப்பது 330. நீலமும் வெள்ளையும் சுமார் 3 வோல்ட் எடுக்கும். அவற்றுக்கு 220 ஓம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மெகா பலகையின் சிப் மொத்தமாகத் தாங்கக்கூடியது 200 மில்லி ஆம்பியர்தான். இருபது விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எனவே நடுவில் யு.எல்.என். 2803 என்ற சிறு சிப்பை வையுங்கள். ஒன்று எட்டு விளக்குகளின் சுமையைத் தாங்கும். இருபதுக்கு மூன்று போதும். விளக்குகளுக்கு 5 வோல்ட் அடாப்டர் தனியாக வைத்து, அதன் நெகட்டிவ் கம்பியை மட்டும் பலகையின் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். வெளிச்சம் சற்றுக் குறையும். காக்பிட்டுக்கு அதுவே நல்லது.

வண்ணங்களின் பொருள்

வண்ணத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. விமானத்தில் ஒவ்வொரு வண்ணமும் ஒரு சொல். சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஆம்பர் என்னும் மஞ்சள் என்றால் கவனி. பச்சை என்றால் ஒழுங்காக இயங்குகிறது. நீலம் என்றால் தற்காலிகமாக உபயோகிக்கும் ஒன்று இயங்குகிறது. வெள்ளை என்றால் பட்டன் வழக்கமான நிலையில் இல்லை.

இதனால் ஒரு விசேஷம். ஏ-320-ன் தலைக்கு மேலுள்ள பலகையில் எல்லாம் சரியாக இருந்தால் அநேகமாக எந்த விளக்கும் எரியாது. இருட்டாக இருப்பதே நல்ல செய்தி. தீபாவளி போல எல்லாம் எரிய வேண்டும் என்று எங்கள் பேத்தியும் முதலில் விரும்பினாள். இப்போது அவளே வருபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்கிறாள்.

எழுத்தும் அளவும்

தலைக்கு மேலுள்ள பலகைக்குச் சதுர முகப்புப் பட்டன்களே பொருத்தம். பதினாறு மில்லிமீட்டர் துளையில் பொருந்தி, முகப்பு பதினெட்டு மில்லிமீட்டர் சதுரமாக உள்ளவை கிடைக்கின்றன. கண்ணாடி போன்ற மூடியைக் கழற்றினால் உள்ளே எழுத்துச் சீட்டு வைக்கலாம். ஓ.எச்.பி. ஷீட்டில் கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் தெளிவாக இருக்கும்படி லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, இரண்டு தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். பின்னால் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் வைத்தால் வெளிச்சம் சீராகப் பரவும். மேலே 'ஃபால்ட்', கீழே 'ஆஃப்' என இரண்டு சொல் உள்ள பட்டனுக்கு இரண்டு எல்.இ.டி.யும், நடுவே கறுப்பு அட்டைத் தடுப்பும் அவசியம். இல்லாவிட்டால் ஒன்று எரியும்போது மற்றதும் மங்கலாகத் தெரிந்து குழப்பும்.

விளக்குச் சோதனை

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. விளக்கு எரியவில்லை என்றால், நிலைமை சரியில்லை என்று பொருளா, பல்பு போய்விட்டது என்று பொருளா?

1972 டிசம்பர் 29-ந் தேதி இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ம் எண் விமானம் மியாமியில் இறங்க வந்தபோது முன்சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கித்தான் இருந்தது. கெட்டுப்போனது பல்பு. விமானிகள் அந்த விளக்கிலேயே கவனமாக இருக்க, உயரத்தைக் காக்கும் ஆட்டோபைலட் ஏற்பாடு விலகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். எங்கள் வீட்டில் திரையில் நடந்தது அங்கே நிஜமாக நடந்தது.

ஏ-320-ல் எல்லா அறிவிப்பு விளக்குகளையும் ஒன்றாக எரியவிட்டுச் சோதிக்க ஒரு சுவிட்ச் உண்டு. இரவில் அவற்றை மங்கலாக்கும் நிலையும் அதிலேயே உள்ளது. உங்கள் பலகையிலும் இப்படி ஒன்று வைத்துவிடுங்கள். முன்பு சொன்ன 200 மில்லி ஆம்பியர் கணக்கு முக்கியமாவது இங்கேதான். எல்லா விளக்கும் ஒன்றாக எரியும் நேரம் இதுவே.

வாங்கும் முறை

பம்பாய் அன்பர்களுக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷன் அருகிலுள்ள லாமிங்டன் ரோடு போதும். லோஹார் சாலில் கிடைப்பவை பெரும்பாலும் வீட்டு மின்சாரத்துக்கானவை. பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோடு, டில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், விடுமுறைக்குச் சென்னை செல்பவர்களுக்கு ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, வீட்டில் இணைத்து, நூறு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு மீதியை வாங்குங்கள். நான் இருபதையும் ஒரே மூச்சில் வாங்கியதால்தான் இந்தக் கட்டுரை.

பேத்திக்கு விமானியாக ஆசை. வீட்டில் இப்படிப் பறக்கும் மணி நேரங்கள் எந்த லைசென்ஸிலும் சேராது என்று அவளுக்குத் தெரியும். பயிற்சிக்கு ஆகும் செலவும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது நடக்குமோ நடக்காதோ. ஆனால் சென்ற வாரம் அவள் மறுபடி சென்னைக்கு இறங்கியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆட்டோபைலட் பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடுகள் எரிந்தன. அதோடு விடாமல் உயரத்தையும் திசையையும் ஒரு முறை பார்த்து, "சரிதான் தாத்தா, நிஜமாகவே பிடித்துக்கொண்டது" என்றாள். பழைய இருபது பட்டன்களுக்குக் கொடுத்த பணம் அன்றைக்கு எனக்கு வசூலாகிவிட்டது.

அந்தப் பட்டன்கள் இன்னும் என் டப்பாவில் இருக்கின்றன. பள்ளி எக்ஸிபிஷனுக்கு வேண்டும் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்ளலாம். அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகட்டும்.