ரீலைத் தின்னும் உப்பு

அந்தமானின் போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். ஊரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. கடலில் தூண்டில் போடுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் இதுதான். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சும். ஆகவே கடலிலிருந்து வந்த தூண்டில் ரீலை அப்படியே அலமாரியில் வைத்தால், அதில் ஒட்டியிருக்கும் உப்பு அந்தமானில் முழுதாகக் காய்வதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ரீல் உப்பு நீரில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த உப்பு உள்ளே எதைக் கெடுக்கிறது என்று தெரிய, ரீலின் அமைப்பு தெரிய வேண்டும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் ஜவுளித் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905ல் காப்புரிமை பெற்ற ரீலின் வழிவந்ததுதான் இன்றைய ஸ்பின்னிங் ரீல். நூல் சுற்றிய உருளையான ஸ்பூல் சுழலாது. வீசும்போது நூல் அதன் விளிம்பு வழியாகச் சுருள் சுருளாகக் கழன்று போகும். இழுக்கும்போது ரோட்டர் என்னும் சுழலும் பாகம் ஸ்பூலைச் சுற்றி ஓடி நூலை மறுபடி சுற்றும். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால், ரீலின் பல்சக்கர விகிதத்தைப் பொறுத்து, ரோட்டர் ஐந்து ஆறு முறை சுழலும்.

மீன் பலமாக இழுக்கும்போது மட்டும் ஸ்பூல் வழுக்கி நூலை விட்டுக்கொடுக்கும். அந்த வேலையைச் செய்வது டிராக். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வாஷர்களின் உராய்வுதான் அது. அந்தமான் பாறைத்திட்டுகளில் வாழும் ஜயன்ட் ட்ரெவலி என்ற பெரும் பாரைக்கு இது உயிர்நாடி. 2006ல் ஜப்பானில் பிடிபட்ட ஒரு பாரை 72.8 கிலோ எடை இருந்தது. தூண்டில் பட்டதும் இந்த மீன் நேராகப் பாறைக்குள் பாயும்.

டிராக்கை நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. வாஷர்களின் பிடிமானம் மாறாது. ஆனால் நூல் போகப்போக ஸ்பூலில் சுற்றின் ஆரம் குறையும். ஆரம் குறைந்தால் அதே பிடிமானத்தைக் கடக்கக் கூடுதல் விசை வேண்டும். எடுத்துக்காட்டாக, 36 மில்லிமீட்டர் ஆரத்தில் 8 கிலோ இழுவையில் வழுக்கும் ஸ்பூல், ஆரம் 24 மில்லிமீட்டர் ஆனதும் 12 கிலோ இழுத்தால்தான் வழுக்கும். டிராக்கை இறுக்கும் திருகைத் தொடாமலே அது ஒன்றரை மடங்கு இறுகிவிடுகிறது. கை உணர்வால் ஊகிக்காமல், சுருள்வில் தராசை நூலில் மாட்டி இழுத்துப் பார்த்து வைப்பதே சரி.

டிராக் வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து ஆறு முறுக்கு நூலில் ஏறும். கோலை உயர்த்தி மீனை இழுத்து, கோலைத் தாழ்த்தும்போது நூலைச் சுற்ற வேண்டும்.

இனி உப்பின் வேலை. அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. குளோரைடு அயனிகள் அதைத் துளைத்துக் குழி குழியாக அரிக்கும். அலுமினிய உடம்பும் எஃகு திருகும் பித்தளைப் பல்சக்கரமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால் அதுவே ஒரு சிறு மின்கலம். அலுமினியம்தான் முதலில் கரையும். திருகைச் சுற்றி வெள்ளையாகப் பூப்பது அதன் அடையாளம். முதலில் பழுதாகும் இடங்களில் ஒன்று நூல் ஓடும் சின்ன உருளை. அதன் பேரிங் இறுகினால் நூல் அதன்மேல் உரசித் தேயும்.

கழுவுவதற்கு நிறைய நீர் வேண்டாம். தூண்டிலுக்கு ஏற்ற கோடை மாதங்களில்தான் இந்த ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடும் வருகிறது. இரண்டு குவளை நல்ல தண்ணீர் போதும். முதலில் டிராக்கை இறுக்கிவிடுங்கள். வாஷருக்குள் நீர் போகாது. மெல்லத் தெளித்துக் கழுவுங்கள்; குழாயின் வேகம் உப்பை உள்ளே தள்ளிவிடும். ரீலை வாளியில் முக்கவும் வேண்டாம். பின்னல் நூல் உப்பு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஸ்பூலைக் கழற்றி அதன்மேலும் நீர் ஊற்றுங்கள். துடைத்து நிழலில் உலர்த்தியபின் டிராக்கைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் வாஷர்கள் அழுந்தியே கிடக்கும். நூல் உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பல்சக்கரங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கிரீஸ் வேண்டும். ரோட்டர் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளட்சில் மட்டும் கிரீஸ் படக் கூடாது. பட்டால் அது வழுக்கும். நீர் புகாத சீல் வைத்த விலை உயர்ந்த ரீலுக்கும் இதே கவனிப்பு வேண்டும், ஏனெனில் சீலும் தேயும்.

இது காசு மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டும் அல்ல. உப்பில் சிக்கிய டிராக் வழுக்காமல் நின்றால் நூல் அறும். தூண்டில் முள் மீனின் வாயில் தங்கும். பல மீட்டர் நூல் பவளப்பாறையில் சுற்றிக்கொள்ளும். பின்னல் நூல் பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. கடலில் எளிதில் மக்காது. பிடித்த பாரையைத் திரும்பக் கடலில் விடுகிறவர்கள் இன்று அதிகம். அந்த நல்ல எண்ணம் நிறைவேற டிராக் சரியாக வழுக்க வேண்டும், மீன் முழுதாகக் கைக்கு வர வேண்டும்.

எனவே கடலிலிருந்து திரும்பிய நாளில், நீங்கள் குளிப்பதற்கு முன் ரீலைக் குளிப்பாட்டுங்கள். அன்றைய உப்பை அன்றைக்கே கழுவுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.