பழக்கம் பிடியாக மாறும்போது

ரெம்பாவ் உட்பட நெகிரி செம்பிலானின் பல இடங்களில் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் விடியும் முன்னரே எழுந்து பால்மரம் வெட்டினர். மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடையும் இருந்தது. அவர்கள் பெற்ற சொற்பக் கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. பின்னாளில் 'சம்சு' எனும் மலிவான சாராயமும் பல குடும்பங்களைச் சீரழித்தது.

"குடிப்பவர் மன உறுதி இல்லாதவர்" எனப் பலர் எளிதாகக் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. தீங்கு எனத் தெரிந்தும் ஒன்றை விட முடியாமல் தவிக்கும் நிலையே அடிமையாதல் ஆகும். உலகச் சுகாதார நிறுவனம் இதனை நோய்களின் வரிசையில் சேர்த்துள்ளது.

மது அருந்தும்போது மூளையில் 'டோப்பமின்' எனும் வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. 'இதை மீண்டும் செய்' என மூளை கற்றுக்கொள்கிறது. நாளடைவில் பழைய அளவு போதாமல், மேலும் தேவைப்படுகிறது. திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் கெடும். சிலருக்கு வலிப்பும் வரலாம். ஆகவே, நெடுநாள் குடித்தவர்கள் மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

அடிமையாவதற்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரைக் கூறு, மனவேதனை, நண்பர்களின் வற்புறுத்தல், இளவயதிலேயே தொடங்குதல் ஆகியவை அவற்றுள் சில. சூழலும் முக்கியக் காரணமாகும். கடும் உழைப்பு, வறுமை, வேறு பொழுதுபோக்கு இல்லாமை ஆகியவற்றோடு வீட்டருகே கள்ளுக்கடையும் இருந்தால், விலகி நிற்பது கடினமன்றோ?

தோட்ட மக்கள் இதனை உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகப் போராடினர். தனிமனிதரைப் பழிப்பதோடு நில்லாமல், அவரைச் சிக்கவைத்த சூழலையே மாற்ற அவர்கள் முயன்றனர்.

இன்று தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ஆயினும், மது, போதைப்பொருள், மின்சிகரெட் எனப் பல வடிவங்களில் ஆபத்து தொடர்கிறது. அடிமையானவரை ஏளனம் செய்தால் அவர் தம் நிலையை மறைப்பார். உதவி கேட்கத் தயங்குவார். சிகிச்சையும் குடும்பத்தின் ஆதரவும் நல்ல சூழலும் கிடைத்தால் அவர் மீண்டு வர முடியும். நோயை வெறுப்போம், நோயாளிக்குக் கை கொடுப்போம்.