அந்தப் பறவையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு சிறு கம்பிக் கூண்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பறவை தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி பிடித்திருக்கிறது. தினைக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரிகிறது. ஊதிப் பார்த்தால் அத்தனையும் வெறும் உமி. வாங்கிய புதிதில் கொஞ்சிய பிள்ளைகள் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. “வேண்டுமானால் நீயே எடுத்துக்கொண்டு போயேன்” என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வீர்கள்?

இரக்கம் உடனே “சரி” என்று சொல்லத் தூண்டும். இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் அதனுடன் கொஞ்சம் அறிவியலும் சேர்ந்தால்தான் பறவை பிழைக்கும்.

முதல் கேள்வி: அது என்ன பறவை?

பச்சை உடலும் சிவந்த அலகும் கொண்ட நம் நாட்டுப் பச்சைக்கிளியானால் விடை எளிது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். மைனாவுக்கும் இதே விதிதான். எனவே நீங்கள் அதை ஏற்க இயலாது. பெரியவர் ஒருவர் துணையுடன் வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற சில அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர், 2024இல் வந்த விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் காணப்படுவது, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளி. அங்கே அது பெருங்கூட்டமாகப் பறந்து திரிந்து புல் விதைகளைத் தின்று வாழ்கிறது. 1840இல் ஜான் கூல்டு என்ற பறவையியல் அறிஞர் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இதை வளர்க்க நம் நாட்டில் தடையில்லை. இனி இதைப் பற்றியே பேசுவோம்.

சிறிய உடலின் பெரிய கணக்கு

பட்ஜெரிகரின் எடை சுமார் 35 கிராம். உங்கள் எடை 56 கிலோ என்று கொள்வோம். அதாவது, நீங்கள் அதைப்போல் 1,600 மடங்கு கனம். பருமன் கூடும் அதே வேகத்தில் மேற்பரப்பு கூடுவதில்லை என்பதை வடிவியலில் படித்திருப்பீர்கள். 1,600இன் கனமூலம் ஏறத்தாழ 12. ஆகவே, ஒரு கிராம் உடலுக்கு எவ்வளவு மேற்பரப்பு என்று கணக்கிட்டால், பறவைக்கு உங்களைப்போல் சுமார் 12 மடங்கு இருக்கும். வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேறுகிறது. அதன் உடல் வெப்பநிலையோ 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். எனவே அந்தச் சின்ன அடுப்பு ஓயாமல் எரிய வேண்டும். அதற்கு ஓயாமல் விறகு போட வேண்டும். நீங்கள் ஒரு நாள் பட்டினி கிடந்தால் களைப்பீர்கள். பட்ஜெரிகருக்கோ ஒரு நாள் பட்டினி உயிர் ஆபத்து. உமியை ஊதிவிட்டுக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

நோயுற்ற பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கும். இறகுகளுக்கிடையே சிறைப்படும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது; நாம் கம்பளி போர்த்திக்கொள்வது போன்றதுதான் இது. வெயில் வேளையில் அப்படி உட்கார்ந்திருந்தால் ஐயப்பட வேண்டும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுதல், இரு காலையும் ஊன்றியபடி பகலெல்லாம் தூங்குதல், அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்தாற்போல் பொருக்கு ஆகியவையும் நோய்க் குறிகள். பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் எதிரிகள் தாக்குமல்லவா? ஆகவே, குறி வெளியே தெரிகிறது என்றால் நோய் முற்றியிருக்கக்கூடும். காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் வீடு அதற்கு ஏற்றதா?

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப்பைகள் துருத்திபோல் அதைத் தள்ளுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனை இம்முறை மிகத் திறமையாக ஈர்க்கும். நச்சையும் அதே திறமையுடன் ஈர்க்கும்! இதனால்தான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரிப் பறவைகளை நச்சு வாயு காட்டியாக வைத்திருந்தார்கள். 1980களில்தான் மின்னணுக் கருவிகள் அவற்றுக்கு விடுதலை கொடுத்தன. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, தாளிக்கும் நெடி இவையெல்லாம் பறவைக்கு ஆகா. வெறுமனே அடுப்பில் காய்ந்து மிகவும் சூடேறிய ‘நான்-ஸ்டிக்’ தோசைக்கல்லின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறையில் வைக்கக் கூடாது.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. பறவை ஹெலிகாப்டரைப்போல் நேர்மேலே எழுவதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. வழவழப்பான ஒரே பருமனுள்ள குச்சியில் எந்நேரமும் நின்றால் பாதத்தில் புண் வரும். கொய்யா, வேம்புக் கிளைகளைக் கட்டலாம். அறைக்குள் பறக்க விடும்போது மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். தினை மட்டும் தின்று வாழ்ந்த பறவைக்கு வைட்டமின் ஏ குறைவாயிருக்கும். கீரை, கொத்தமல்லி, காரட் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பழைய உணவைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

உங்களுக்கும் ஆபத்து உண்டா?

சிறிதளவு உண்டு. ‘சிட்டகோசிஸ்’ எனப்படும் கிளிக்காய்ச்சல் காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்குப் பரவும். 1929-30இல், கப்பலில் வந்த கிளிகள் மூலம் அது பல நாடுகளில் பரவியது. இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. எனினும், கூண்டின் தாளை நீர் தெளித்து நனைத்த பின்பே எடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை ஒரு மாதமாவது வேறு அறையில் வையுங்கள்.

காலக் கணக்கு

நன்றாகப் பேணினால் பட்ஜெரிகர் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழலாம். உங்களுக்கு 15 வயது, பறவைக்கு 2 வயது என்றால், அது முதுமை அடையும்போது உங்களுக்கு 23. அதற்குள் கல்லூரி விடுதிக்கோ வேலைக்கோ வெளியூர் போயிருப்பீர்கள். அப்போது தினமும் தண்ணீர் மாற்றப்போவது யார்? அம்மாவா, தம்பியா? அவர்கள் இன்றே மனமாரச் சம்மதிக்க வேண்டும். இல்லையேல், பறவை ஒரு தாழ்வாரத்திலிருந்து இன்னொரு தாழ்வாரத்துக்கு இடம் மாறியதாகத்தான் முடியும்.

“அப்படியானால் கூண்டைத் திறந்து பறக்க விட்டுவிடலாமே” என்பீர்கள். அது விடுதலை அன்று. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. காகத்துக்கும் வல்லூறுக்கும் அதுவே இரையாகும். கடையில் வாடிக் கிடக்கும் பறவையை இரக்கப்பட்டு விலைக்கு வாங்குவதும் உதவாது. விற்ற இடத்தில் கடைக்காரர் மறுவாரமே இன்னொன்றை வைப்பார்.

உங்களால் முடியாது என்று தெரிந்தால், அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. வீட்டுக்காரரைக் குறை கூறாமல், “தினமும் நான் வந்து தண்ணீர் மாற்றட்டுமா, மாமா?” என்று கேட்கலாம். நன்கு பேணக்கூடிய ஒருவரைத் தேடித் தரலாம்.

முடியும் என்றால், முதலில் ஒரு குறிப்பேடும் ஒரு கிராம் வரை காட்டும் தராசும் தேடுங்கள். நாள்தோறும் காலையில், தீனி வைக்குமுன், சிறு பெட்டியில் இட்டுப் பறவையை நிறுத்துத் தேதியுடன் எழுதுங்கள். 35 கிராமில் மூன்றரை கிராம் குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழப்பைத் தராசு காட்டிவிடும். அன்றே மருத்துவரிடம் போங்கள்.