நீராவி அட்டவணையும் அழுத்தமானியும்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே ஒரு நீர்வழியே உள்ளது. மேற்குக் கரையில் மிளகும் சுக்கும் சேமித்த பழைய பண்டகசாலைகள். எதிரே தீவில், 1957-இல் கொச்சியில் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம். 1960-களில் கொச்சியிலிருந்து டப்பாவில் அடைத்த இறால் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அத்தொழிலின் பாதுகாப்பு, பௌதிக மாணவர் பயிலும் நீராவி அட்டவணையைச் சார்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

காற்றுப் புகாத டப்பாவில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி வளர்ந்தால், உயிரைப் போக்கும் நஞ்சு உண்டாகும். அதன் வித்துகள் கொதிநீரின் உஷ்ண நிலையையும் தாங்க வல்லவை. அவற்றை அழிக்க, டப்பாவின் நடுப்பகுதி 121.1 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் இருப்பதற்கு ஈடான வெப்பம் பெற வேண்டும். ஆகவே டப்பாக்களை மூடிய கலத்தில் வைத்து, அழுத்தமுள்ள நீராவியைச் செலுத்துகின்றனர்.

அட்டவணையைப் பயன்படுத்தும் முறை

நீர் ஒரு தூய பொருள். நீரும் அதன் ஆவியும் சமநிலையில் சேர்ந்திருக்கும்போது, ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரே ஓர் உஷ்ண நிலைதான் உண்டு. அந்நிலையிலுள்ள ஆவி பூரித நீராவி எனப்படும். அட்டவணை அவ்விரண்டையும், ஒரு கிலோகிராம் ஆவியின் கன அளவையும், உள்ளுறை வெப்பத்தையும் வரிசையாகத் தருகிறது.

அட்டவணையில் 120 டிகிரிக்கு 1.99 பார், 125 டிகிரிக்கு 2.32 பார் என்று காணப்படும். இடைப்பட்ட 121.1 டிகிரிக்கு, வித்தியாசத்தை விகிதப்படி பங்கிட்டால், ஏறத்தாழ 2.06 பார் கிடைக்கும். இது முழு அழுத்தம். மானியோ வாயுமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்டதை மட்டுமே காட்டும். கடல்மட்டத்திலுள்ள கொச்சியில் 1.01 பாரைக் கழித்தால், மானி 1.05 பார் காட்ட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறில் வாயுமண்டல அழுத்தம் ஏறக்குறைய 0.85 பாரே; அங்கே மானி 1.21 பார் காட்டினால்தான் அதே உஷ்ண நிலை எய்தப்படும்.

காற்று கலந்தால்

மேற்கூறிய கணக்கு தூய நீராவிக்கே பொருந்தும். கலத்தில் காற்று தங்கியிருந்தால், மானி காட்டும் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது. மொத்தம் 2.06 பாரில் காற்றின் பங்கு 0.37 பார் எனக் கொள்வோம். நீராவியின் பங்கு 1.69 பார், அட்டவணைப்படி இதற்குரிய உஷ்ண நிலை 115 டிகிரி மட்டுமே. மானியின் முள்ளோ சரியான இடத்திலேயே நிற்கும்.

ஆறு டிகிரி சிறு பிழையெனத் தோன்றலாம். ஆனால் உஷ்ண நிலை 10 டிகிரி குறைந்தால், அவ்வித்துகளை அழிக்கப் பத்து மடங்கு நேரம் வேண்டும். எனவே 115 டிகிரியில் 3 நிமிடம் போதாது. சுமார் 12 நிமிடம் தேவை. மேலும், 121 டிகிரியில் ஒரு கிலோகிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 2,200 கிலோஜூல் வெப்பத்தை டப்பாவுக்கு அளிக்கிறது. டப்பாவைச் சூழ்ந்த காற்றுப்படலம் இதற்கும் தடையாகும்.

இக்காரணத்தால், தொடக்கத்தில் வால்வைத் திறந்து வைத்துக் காற்று முழுவதையும் ஆவியால் வெளியேற்றிய பின்னரே அழுத்தத்தை உயர்த்துகின்றனர். கலத்திலுள்ள உஷ்ணமானியையும் அழுத்தமானியையும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அழுத்தத்திற்குரிய அளவைவிட உஷ்ணமானி குறைவாகக் காட்டினால், காற்று எஞ்சியிருப்பதாகவோ கருவியில் கோளாறு இருப்பதாகவோ கருதி ஆராய்வது முறை. நேரக் கணக்கிற்கு உஷ்ணமானியையே ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வீட்டுப் பிரஷர் குக்கரைக் கொண்டே விளக்கலாம். மூடியின் துளை வழியே ஆவி சீராக வெளிவந்த பின்னரே அதன்மேல் குண்டை வைக்க வேண்டும் என்பது இல்லத்தரசியர் நன்கறிந்த விதி. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவதே அதன் நோக்கம்.