மலை உச்சியிலிருந்து இறங்கும் நாடகம்

நுவரெலியா நகரில் மேகம் விலகும் வேளையில் நிமிர்ந்து பார்த்தால், பீதுருதாலகால மலையின் உச்சியில் கோபுரங்கள் தெரியும். 2,524 மீட்டர் உயரமான இந்த மலையைவிட உயர்ந்த நிலம் இலங்கையில் இல்லை. ஜப்பானின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15 அன்று தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கப்பட்டபோது, நாடெங்கும் படம் அனுப்பும் பெரும்பொறுப்பை ஏற்றது இந்த உச்சிதான்.

இப்படிப்பட்ட கோபுரங்களின் வழியாகத்தான், ஒரு நாடகாசிரியர் மறைந்து பல காலம் ஆன பின்னும் அவர் எழுதிய காட்சி வீட்டுக்குள் வந்து சேர்கிறது. ஷேக்ஸ்பியர் மறைந்து 400 ஆண்டுகள் நிறைந்த 2016 ஏப்ரல் 23 இரவில், அவர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் நகரின் அரங்கிலிருந்தே பிபிசி ஒரு பெருவிழாவை ஒளிபரப்பியது. நம் தீவில் அப்படிக் கொண்டாடப்படும் பெயர் எதிரிவீர சரச்சந்திர. 1914-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1956-இல் ‘மனமே’, 1961-இல் ‘சிங்கபாகு’ என்று அவர் படைத்தவை சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றின. அவரை நினைவுகூரும் நிகழ்ச்சியொன்று கொழும்புக் கலையகத்திலிருந்து புறப்பட்டு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா ஒன்றை அடைவதாக வைத்துக்கொள்வோம். வழியில் என்னென்ன நடக்கிறது?

முதலில், படம் கோடுகளாகப் பிரிகிறது. நாம் நெடுங்காலம் பார்த்துவந்த அனலாக் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு வினாடிக்கு 25 படங்கள். அதாவது வினாடிக்கு 15,625 கோடுகள். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியில் எலக்ட்ரான் கற்றை ஒன்று இந்தக் கோடுகளை இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போகும். எந்தக் கணத்திலும் அது தொட்டு ஒளிரச் செய்வது ஒரே ஒரு புள்ளியைத்தான். தொட்ட இடத்தின் ஒளி உடனே மங்கத் தொடங்கிவிடும். ஆகவே நடிகரின் முழு முகம் ஒரே நேரத்தில் முழு ஒளியோடு திரையில் இருப்பதே இல்லை. ஓடும் புள்ளியை முகமாகவும், அடுத்தடுத்த படங்களை அசைவாகவும் சேர்த்துக் கட்டுவது நம் கண்ணும் மூளையும்தான்.

சரச்சந்திரவின் மேடையும் பார்வையாளரிடம் இதே வேலையைத்தான் கேட்டது. ‘மனமே’யில் மரமோ மாளிகையோ வைத்துக் காடும் அரண்மனையும் காட்டப்படுவதில்லை. இளவரசனும் இளவரசியும் பாடியபடி மேடையைச் சுற்றி நடந்தால் அது காட்டு வழி. மிச்சத்தைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும்.

இனி, கோடுகளாகப் பிரிந்த படத்தைச் சுமந்து செல்லும் அலையின் வேகத்தைப் பார்ப்போம். வானொலி அலை வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கொழும்பிலிருந்து பீதுருதாலகால உச்சி சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து ஹட்டன் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் கடக்க அலைக்கு ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதே நேரத்தில், நடிகர் பாடிய ஒலி காற்றில் ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. கலையகத்தில் அவருக்கு எதிரே நிற்பவரின் காதை அந்தப் பாட்டு எட்டும் முன்பே, அதைச் சுமந்த அலை மலையேறி இறங்கித் தேயிலைத் தோட்டத்தை அடைந்துவிடுகிறது!

ஆனால் இந்த அலைக்கு ஒரு குறை உண்டு. அது ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை. அதனால்தான் அனுப்பும் இடம் உயரமாக இருக்க வேண்டும். 2,524 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை, வளிமண்டலத்தில் சற்றே கீழ்நோக்கி வளைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 207 கிலோமீட்டர் வரை தரையைத் தொட முடியும். காலி, மட்டக்களப்பு, புத்தளம், திருகோணமலை எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்குகின்றன. யாழ்ப்பாணம் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே படம் போக வேண்டுமானால் இடையில் இன்னொரு கோபுரம் வேண்டும்.

அதைவிட வியப்பானது, மலைக்கு மிக அருகிலேயே அலை எட்டாத நிழல் விழுவது. மத்திய அலை வானொலியின் அலைநீளம் சுமார் 190 முதல் 560 மீட்டர் வரை இருக்கும். அவ்வளவு நீண்ட அலை குன்றின் மேல் வளைந்து மறுபக்கப் பள்ளத்திலும் இறங்கிவிடும். தொலைக்காட்சி அலையின் நீளமோ ஒன்றரை மீட்டர், சில அலைவரிசைகளில் அரை மீட்டர்தான். கிரேட் வெஸ்டர்ன் போன்ற ஒரு மலைத்தொடர் குறுக்கே நின்றால் அதைச் சுற்றி வளைய அதனால் பெரிதும் முடிவதில்லை. இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு பள்ளத்துத் தோட்டத்தில் படம் புள்ளிபுள்ளியாகச் சிதற, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடற்கரை ஊரில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். இதற்குத் தீர்வு, நிழலின் விளிம்பில் ஒரு மறு ஒளிபரப்பு நிலையம்: வரும் அலையை வாங்கி, வலுவூட்டி, பள்ளத்தை நோக்கித் திருப்பி அனுப்பும் சிறு கோபுரம். டிஷ் வந்த பின் இன்னொரு வழியும் திறந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இந்தியப் பெருங்கடலுக்கு நேர்மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கின்றன. மேலிருந்து இறங்கும் அலையை மலை மறைப்பதில்லை.

கலை மரபும் இப்படி நிலையம் மாறி மாறித்தான் நம்மிடம் வந்திருக்கிறது. ‘மனமே’க்கு ஆதாரமான நாடகம என்ற சிங்கள அரங்க வடிவம், தமிழ்க் கூத்தோடும் கர்நாடக இசையோடும் வேரில் பிணைந்தது. அதை அம்பலாங்கொடை ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே சரச்சந்திரவுக்குக் கொடுத்தார். ஜப்பானின் நோ, கபுகி அரங்குகளை நேரில் கண்டுவந்த சரச்சந்திர, அதற்குப் புது வலுவூட்டி மேடையேற்றினார். அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற ஆக்கங்கள் 1960-களில் பிறந்தன. தமிழிலிருந்து போனது சிங்களத்தில் வளர்ந்து, தமிழ் மேடைக்கும் ஊக்கமாகத் திரும்பியது.

இந்தத் தொடரில் மலையகத்துக்கும் ஓர் இடம் உண்டு. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் காமன் கூத்தையும், பொன்னர் சங்கரையும், அருச்சுனன் தபசையும் தமிழகத்திலிருந்து கூடவே கொண்டுவந்தார்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் காமனாகிய மன்மதனும் லயத்து வாசல்தோறும் ஆடி வரும் கூத்துக்கு ஆசிரியர் பெயர் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கூத்து வாத்தியார் அதைத் தன் நினைவில் சுமந்து, அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றினார். புகழ்பெற்ற நாடகாசிரியருக்கு நூற்றாண்டு உண்டு, நினைவு நாள் உண்டு. பெயரில்லாத ஆசிரியருக்குத் தேதி இல்லாததால் கொண்டாட்டமும் எளிதில் அமைவதில்லை.

சரச்சந்திரவைக் கொண்டாடுவது நம் எல்லோருக்கும் பெருமை. அவருடைய அரங்கின் வேரில் நம் கூத்தும் கலந்திருக்கிறது. அதே நன்றியோடு, கம்பம் ஊன்றுவதிலிருந்து காமன் எரிந்து மீண்டெழுவது வரை முழுக் கூத்தையும், அதன் பாடல்களையும் அடவுகளையும், வாத்தியார்களின் விளக்கத்தோடு, மலையகத் தோட்டங்களில் பதிவு செய்ய வேண்டும். மன்மதன் எரியும் காட்சி பீதுருதாலகாலவிலிருந்து புறப்பட்டால் காலியும் திருகோணமலையும் ஒரே நொடியில் அதைப் பார்க்கும். அதற்கு வேண்டிய அறிவியல் 1982 முதலே நம் தலைக்கு மேல் நிற்கிறது. கூத்தின் அடியும் பாட்டும் அறிந்த மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.