குழியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

ஐதராபாத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் நாகார்ஜுனசாகரைப் பார்க்காதவர்கள் குறைவு. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் கூட்டிப்போகிற இடங்களில் அதுவும் ஒன்று. அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் ஒரு பழைய ஊரே கிடக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் எழுத நினைக்கிறேன்.

மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கிருஷ்ணா நதி. நடுவில் இருந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில்தான் கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி இருந்தது. அணை வரப்போகிறது என்றானதும் இந்தியத் தொல்லியல் துறை, ஆர். சுப்ரமண்யம் தலைமையில் 1954 முதல் 1960 வரை அங்கே அகழாய்வு நடத்தியது. 1955 டிசம்பரில் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1967-ல் கால்வாய்களில் தண்ணீர் திறந்தார்கள்.

பொதுவாக அகழாய்வில் ஒரு தர்மம் உண்டு. ஓர் இடத்தை முழுக்கத் தோண்டிவிடக் கூடாது, கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். ஏனென்றால் நாளைக்கு இதைவிட நல்ல கருவியும் வரும், நல்ல கேள்வியும் வரும். மூழ்கப்போகும் இடத்துக்கு அந்த 'நாளைக்கு' கிடையாது. அங்கே அவசரமாகச் செய்கிற வேலையைத்தான் மீட்பு அகழாய்வு என்கிறோம்.

கல்லையும் செங்கல்லையும் பெயர்த்து வேறிடத்தில் கட்டலாம். முக்கியமான சில கட்டடங்களை அப்படித்தான் இன்று தீவாகிவிட்ட மலையுச்சியிலும் கரையிலுள்ள அனுப்புவிலும் எழுப்பினார்கள். ஆனால் இக்ஷ்வாகுகளுக்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணில் ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த கற்காலக் கருவிகளைப் பற்றி கே.வி. சௌந்தரராஜன் 1958-லேயே ஆராய்ந்து எழுதினார். புதிய கற்காலத்தவர் தரையில் குழி பறித்து, கம்பு நட்டு, கூரை போட்டு வாழ்ந்தார்கள். கம்பெல்லாம் என்றைக்கோ மக்கிப்போச்சு. அது நின்ற இடத்தில் நிறம் மாறிய மண்தான் சாட்சி. தூணைத் தூக்கலாம், குழியை எப்படித் தூக்குவது?

ஆக, அந்த வீடுகளில் இன்று நமக்கு மிஞ்சியவை அன்று வரைந்த படங்களும் எழுதிய குறிப்புகளும் சேகரித்த பொருள்களும்தான். அறிக்கையின் முதல் தொகுதி 1975-ல் வந்தது. வரலாற்றுக் காலம் பற்றிய இரண்டாவது தொகுதி வந்தது 2006-ல், தோண்டி முடித்து 46 ஆண்டுகள் கழித்து! படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் போய்ச் சரிபார்க்க அந்த இடமே இல்லை.

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசி நம் வீட்டிலும்தான் பொங்குகிறது. ஆனால் ஓர் அணைக்குப் பணம் ஒதுக்கும்போது, தோண்டுகிற கூலியோடு நிறுத்தாமல், அறிக்கை அச்சாகி நூலகத்துக்கு வரும்வரை ஆகும் செலவையும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த முறை போகும்போது, தீவிலுள்ள அருங்காட்சியகத்தில் சிலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மூழ்கிய பள்ளத்தாக்கின் மாதிரி வடிவங்களும் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளை அவற்றின் முன்னால் நிறுத்தி, எது மேலே வந்தது, எது கீழேயே தங்கிவிட்டது என்று சொல்லிக் காட்டுங்கள்.