புழுவுக்குள் குடியிருக்கும் பற்றீரியா

யானைக்கால் நோய் எமது நாட்டில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்த எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மாத்திரைகள் வழங்கப்பட்டமை இச்சாதனைக்குப் பெரிதும் துணைபுரிந்தது. எனினும், நோய்ப்பரவல் கட்டுப்படுத்தப்பட்டமையால் வீங்கிய காலுடன் வாழ்வோரின் துன்பம் நீங்கிவிடவில்லை. இந்நோயின் இயல்பைச் சரிவர விளங்கிக்கொள்வது ஆகையால் இன்றும் அவசியமாகின்றது.

நுளம்பு மூலம் உடலில் புகும் பைலேரியாப் புழுக்கள் நிணநீர்க் கலன்களில் பல ஆண்டுகள் உயிர்வாழ்கின்றன. அப்புழுக்களின் உடலுக்குள் வோல்பாக்கியா எனும் பற்றீரியா குடியிருக்கின்றது. 1924ஆம் ஆண்டில் நுளம்புகளில் கண்டறியப்பட்ட இப்பற்றீரியா இனம் பைலேரியாப் புழுக்களிலும் இருப்பதை 1970களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டியபோதிலும், அதன் முக்கியத்துவம் 1990களிலேயே உணரப்பட்டது. இப்பற்றீரியா இன்றேல் புழுவால் இனம்பெருக்க முடியாது; தாய்ப்புழுவிடமிருந்து முட்டை வழியே அது குஞ்சுகளுக்கும் செல்கின்றது.

உயிருள்ள புழு எமது நிர்ப்பீடனத் தொகுதியை அடக்கி வைத்திருக்கும் திறன் வாய்ந்தது. ஆனால் புழு இறக்கும்போது அதனுள்ளிருந்த வோல்பாக்கியா வெளியேறுகின்றது. அதன் மேற்பரப்பிலுள்ள கொழுப்புப்புரதங்களை எமது வெண்குழியங்கள் அந்நியப் பற்றீரியாவாக இனங்கண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. ஆபிரிக்காவில் ஆற்றோரங்களில் வாழும் கரிய ஈக்களால் பரவும் ஆற்றுக் குருடு நோய் இதற்குச் சிறந்த சான்றாகும். அந்நோய்ப் புழுக்களின் சாற்றை எலிகளின் விழிவெண்படலத்தில் செலுத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பற்றீரியா நீக்கப்பட்ட புழுக்களின் சாறு மிகக் குறைந்த அழற்சியையே ஏற்படுத்தியது. பார்வையைப் பறிப்பதில் புழுவைப் போலவே அதன் குடியிருப்பாளருக்கும் பங்குண்டு என்பது இதனால் தெளிவாகின்றது.

இவ்வுண்மை நடைமுறையில் எமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. முதலாவது, மாத்திரை உட்கொண்ட பின்னர் சிலருக்கு ஏற்படும் காய்ச்சல், தலைவலி, உடல்நோவு பற்றியது. இதனை மருந்தின் நஞ்சு எனக் கருதிச் சிலர் சிகிச்சையைக் கைவிடுவதுண்டு. உண்மையில் இது பெரும்பாலும் புழுக்கள் மடிவதையும் அவற்றிலிருந்து வெளிப்படும் பொருட்களுக்கு உடல் காட்டும் எதிர்வினையையுமே குறிக்கின்றது. இத்தெளிவு மக்களுக்கு முன்கூட்டியே வழங்கப்பட்டால் அச்சம் நீங்கும்.

இரண்டாவது, பற்றீரியாவை அழித்தால் புழுவும் அழியும் என்பது. டொக்ஸிசைக்கிளின் எனும் நுண்ணுயிர்க்கொல்லியை நான்கு முதல் ஆறு வாரங்கள் உட்கொண்டால் புழு மலடாகிப் படிப்படியாக இறப்பதை ஆய்வுகள் நிரூபித்துள்ளன. ஆயினும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த சிறார்களுக்கும் இது பொதுவாக வழங்கப்படுவதில்லை. நீண்டகாலம் உட்கொள்ளவேண்டியிருப்பதால் ஊர் முழுவதற்கும் வழங்குவதும் கடினம். வைத்திய ஆலோசனையின்றி மருந்தகத்தில் வாங்கி உட்கொள்வது ஆபத்தானது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

ஏற்கெனவே வீங்கிவிட்ட காலுக்கு எளிய பராமரிப்பே முதல் மருந்து. அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் கடும் வலிக்கும் தோல் வெடிப்புகள் வழியே நுழையும் வேறு பற்றீரியாக்களே பெரும்பாலும் காரணமாகின்றன. நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, காலை உயர்த்தி வைத்தல் பெரும் பலன் தரும்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டதென இரவுநேர இரத்தப் பரிசோதனைகளிலும் நுளம்புக் கட்டுப்பாட்டிலும் சுகாதார அமைச்சு தளர்வு காட்டலாகாது. இந்நோயாளரை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அவர்களைச் சிகிச்சை நிலையங்களுக்கு அழைத்துச் செல்வது எம் அனைவரதும் கடமையாகும்.